ஹிட்லரின் கல்லாவில் பணம் போட்டவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹிட்லர் ஆட்சிக்கும் ஜெர்மன் ஆலை அதிபர்களுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் பற்றி வந்த கடிதங்களில், அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம். 1945 வரையிலான தொகைகள் எல்லாம் ரைஷ்ஸ்மார்க்கில். 1933 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 4.20 மார்க்.

கே: ஹிட்லரை நாற்காலியில் உட்கார வைத்ததே பெருமுதலாளிகளின் பணம்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கட்சி தன் சந்தாவிலேயே வளர்ந்தது என்றும் படித்தேன். எதை நம்புவது?
— திண்டுக்கல் வாசகர்

ப: இரண்டு கூற்றுக்கும் தேதி போட்டுப் பாருங்கள், குழப்பம் தீரும். ஹிட்லர் சான்சலர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. அதற்கு முன்பு நாஜிக் கட்சியை ஓட்டியது பெரும்பாலும் உறுப்பினர் சந்தா, பொதுக்கூட்ட நுழைவுக் கட்டணம், உள்ளூர்ப் பிரமுகர்களும் சிறு ஆலைக்காரர்களும் தந்த நன்கொடை, கடன். பெரிய புள்ளிகளில் முன்கூட்டியே கை நீட்டியவர்கள் ஒரு சிலர்தான். எஃகு அதிபர் ஃப்ரிட்ஸ் தீஸன் 1923-லேயே ஒரு லட்சம் தங்க மார்க் கொடுத்தார். 1930-இல் மியூனிக்கில் கட்சித் தலைமையகத்துக்கான மாளிகையை வாங்கக் கடன் ஏற்பாடு செய்தார். நிலக்கரி அதிபர் எமில் கிர்டோர்ஃப் 1927-இல் கட்சியில் சேர்ந்தார், முதலாளிகளைத் திட்டும் பேச்சு பிடிக்காமல் 1928-இல் விலகினார், ஆட்சி வந்தபின் 1934-இல் திரும்பவும் சேர்ந்தார்.

நிலக்கரியும் எஃகும் நிறைந்த ரூர் பகுதி ஆலைகளின் பெரும்பணம் அப்போது போனது பழைய வலதுசாரிக் கட்சிகளுக்கு. 1932 ஜனவரி 26 அன்று டுசல்டோர்ஃப் தொழிலதிபர் மன்றத்தில் நூற்றுக்கணக்கானோர் முன்னால் ஹிட்லர் பேசினார். கைதட்டல் நிறைய கிடைத்தது. எதிர்பார்த்த அளவுக்குப் பணம் வரவில்லை. அந்த நவம்பர் தேர்தலில் கட்சியின் வாக்கு 37.3 சதவீதத்திலிருந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கியது. கட்சி கழுத்தளவு கடனில் நின்றது. அதே மாதம், ஹிட்லரிடம் ஆட்சியை ஒப்படைக்கும்படி ஜனாதிபதி ஹிண்டன்பர்க்குக்கு ஒரு மனு போனது. கையெழுத்திட்டவர்கள் இருபது பேர் அளவில்தான். அதில் தீஸன் உண்டு, முன்னாள் மத்திய வங்கித் தலைவர் ஹ்யால்மர் ஷாக்ட் உண்டு, கொலோன் வங்கியாளர் குர்ட் ஃபான் ஷ்ரோடர் உண்டு. எஃகு, ஆயுத அதிபர் குஸ்தாவ் க்ருப் இல்லை.

ஆகவே, "விலைக்கு வாங்கினார்கள்" என்பது ஆவணத்தில் நிற்காது. அதைச் சொல்லி அவர்களை விடுவிக்கவும் முடியாது. 1928 நவம்பரில், அரசின் நடுவர் தந்த கூலித் தீர்ப்பை ஏற்க மாட்டோம் என்று ரூர் உருக்காலைகள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தன. தொழிற்சங்கத்தையும் கூலி ஒப்பந்தத்தையும் ஒழித்தால் போதும், ஜனநாயகம் போனாலும் பரவாயில்லை என்ற மனநிலை அப்போதே வேரூன்றியிருந்தது. 1933 ஜனவரி 4 அன்று ஹிட்லரும் முன்னாள் சான்சலர் ஃபான் பாப்பனும் பேரம் பேசிய இடம் ஷ்ரோடரின் கொலோன் வீடு. பெரும்பணம் வந்தது அதற்குப் பின்புதான்.

கே: 1933 பிப்ரவரி 20 கூட்டம் என்கிறார்களே, அங்கே என்ன நடந்தது? எவ்வளவு வசூலானது, யார் கணக்கில் போனது?
— ஈரோடு வாசகர்

ப: இந்த ஒரு மாலை நேரத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

மார்ச் 5-இல் தேர்தல். அரசாங்கம் கையில் இருக்கிறது, பிரச்சாரத்துக்குக் காசு இல்லை. நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த ஹெர்மன் கோரிங் தன் பெர்லின் அலுவல் மாளிகைக்குச் சுமார் 25 பேரை அழைத்தார். வந்தவர்களில் குஸ்தாவ் க்ருப், ஐக்கிய எஃகு ஆலைகளின் ஆல்பர்ட் ஃபோக்லர், ரசாயனப் பெருநிறுவனமான ஐ.ஜி. ஃபார்பனின் கியோர்க் ஃபான் ஷ்னிட்ஸ்லர், பேட்டரி உற்பத்தியாளர் குந்தர் க்வாண்ட், அலையன்ஸ் காப்பீட்டின் குர்ட் ஷ்மிட் ஆகியோர் அடக்கம். ஹிட்லர் நெடுநேரம் பேசினார். ஜனநாயகம் இருக்கும் காலத்தில் தனியார் தொழில் நிலைக்காது என்பது பேச்சின் சாரம். க்ருப் ஒரு குறிப்பு தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். அதை எடுக்காமல், எல்லார் சார்பிலும் நன்றி மட்டும் சொன்னார். ஹிட்லர் கிளம்பியதும் கோரிங் வெளிப்படையாகவே பேசினார்: இந்தத் தேர்தல் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு, ஏன், நூறு ஆண்டுகளுக்குக் கடைசித் தேர்தலாக இருக்கும்; அதை நினைத்தால் கேட்கும் தியாகம் பெரிதாகத் தெரியாது.

இதைக் காதால் கேட்டபின் அந்த அறையில் இருந்தவர்கள் பணம் எழுதிக் கொடுத்தார்கள். பின்னாளில் "எங்களுக்கு என்ன தெரியும்" என்று அவர்கள் சொன்னதை ஏற்க முடியாமல் போவது இதனால்தான்.

வசூலை நடத்தியவர் ஷாக்ட். கேட்ட தொகை 30 லட்சம். பெர்லினில் டெல்ப்ரூக் ஷிக்லர் என்ற தனியார் வங்கியில் 'தேசிய அறக்கட்டளை' என்ற பொருள்படும் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. வரும் பணத்தில் முக்கால் பங்கு நாஜிகளுக்கு, கால் பங்கு கூட்டணியில் இருந்த தேசியவாதக் கட்சிக்கு. வங்கியின் பதிவுகள் போருக்குப் பின், நாஜிகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்ற வழக்கறிஞர்கள் கையில் சிக்கின. ஐ.ஜி. ஃபார்பன் 4 லட்சம். அதுதான் ஒரே நிறுவனம் தந்த பெரிய தொகை. ஏ.இ.ஜி. 60,000. டெமாக் 50,000. ஒஸ்ராம் 40,000. டெலிஃபுங்கன் 35,000. மார்ச் 13 வரை சேர்ந்தது 20 லட்சத்து 71 ஆயிரம். கேட்டதில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. ஆனாலும் தேர்தல் முடியும்வரை தட்டுப்பாடு இல்லாமல் ஓட அது போதுமானதாக இருந்தது.

இரண்டு பதிவுகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏ.இ.ஜி. என்ற மின்சாதன நிறுவனத்தை எழுப்பியவர் எமில் ராதனாவ் என்ற யூதர். அவர் மகன் வால்டர் ராதனாவ் அந்நிறுவனத்துக்குத் தலைமை தாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சராகி, 1922-இல் தீவிர வலதுசாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டவர். பதினோரு ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் காசோலை நாஜிகளுக்குப் போயிற்று. ஐ.ஜி. ஃபார்பன் தன் 4 லட்சத்துக்குக் கடிதம் எழுதியது பிப்ரவரி 27. அன்றிரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் பேச்சுரிமை, கூட்ட உரிமை, பத்திரிகை உரிமை எல்லாம் ஒரே அவசரச் சட்டத்தில் ரத்தாயின. அதற்குப் பிறகும் கணக்கில் வரவு நிற்கவில்லை.

மார்ச் 5-இல் நாஜிகள் 43.9 சதவீதம் வாங்கி 288 இடம் பிடித்தார்கள். கூட்டாளிக் கட்சியின் 52 இடத்தைச் சேர்த்தால்தான் பெரும்பான்மை. பாப்பனும் தேசியவாதத் தலைவர் ஹூகன்பர்க்கும் கடிவாளத்தைக் கையில் வைத்திருப்பார்கள் என்று நன்கொடையாளர்கள் போட்ட கணக்கு ஜூன் மாதத்துக்குள் பொய்த்தது. ஹூகன்பர்க் ராஜினாமா செய்தார், அவர் கட்சியும் கலைந்தது.

கே: 'அடால்ஃப் ஹிட்லர் நன்கொடை' என்பது கட்டாய வசூலா, விரும்பிக் கொடுத்ததா?
— பாளையங்கோட்டை வாசகி

ப: திட்டத்தைக் கொண்டுவந்ததே தொழிலதிபர்கள் தரப்பு. 1933-இல் வட்டாரத் தலைவர்கள், சீருடைப் படைகள், கட்சியின் கிளை அமைப்புகள் என்று ஆளாளுக்கு ரசீதுப் புத்தகத்துடன் ஆலை வாசலில் நின்றார்கள். இந்தத் தொல்லைக்கு ஒரே இடத்தில் முடிவு கட்ட, 1933 ஜூன் 1 அன்று 'ஜெர்மன் தொழில்துறையின் அடால்ஃப் ஹிட்லர் நன்கொடை' தொடங்கப்பட்டது. நிர்வாகக் குழுத் தலைவர் குஸ்தாவ் க்ருப்.

கணக்கு எளிது. ஒரு நிறுவனம் முந்தைய ஆண்டில் கொடுத்த மொத்தச் சம்பளத்தில் ஆயிரத்துக்கு ஐந்து, அதாவது அரை சதவீதம். சம்பளப் பட்டியல் ஒரு கோடி என்றால் நன்கொடை 50,000. கட்டியவர்களுக்குச் சான்று உண்டு. அதைக் காட்டினால் மற்ற கட்சி வசூல்காரர்கள் திரும்பிப் போக வேண்டும். முதல் ஆண்டில் மட்டும் சுமார் 3 கோடி வந்தது. 1945 வரை மொத்தம் 70 கோடி அளவில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பணத்தை அரசுக் கருவூலத்துக்கு வெளியே வைத்து நிர்வகித்தவர் மார்ட்டின் போர்மன். ஹிட்லரின் மலை மாளிகைக் கட்டுமானங்கள் முதல் கட்சித் தலைவர்களின் சொந்தச் செலவு வரை இதிலிருந்து போனது. போர்மன் என்ற சாதாரணச் செயலர் ஹிட்லரை நெருங்கிச் செல்வாக்குப் பெற்ற வழியும் இந்தப் பணப்பெட்டிதான்.

க்ருப் தலைமை வகித்த தொழில்துறைக் கூட்டமைப்பு இதே மாதங்களில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாஜிகள் கேட்டவுடன் நிர்வாக இயக்குநர் லுட்விக் காஸ்டல் வெளியேற்றப்பட்டார். யூதப் பின்னணி கொண்ட பழுப்பு நிலக்கரி அதிபர் பால் சில்வர்பர்க் பொறுப்புகளை இழந்து சுவிட்சர்லாந்து போனார். அவருக்காகக் கூட்டமைப்பு வாய் திறக்கவில்லை. மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் பூட்டப்பட்டன. 1934 ஜனவரிச் சட்டம் முதலாளியை 'ஆலைத் தலைவர்' என்றும் தொழிலாளிகளை அவரைப் 'பின்தொடர்வோர்' என்றும் ஆக்கியது. அரை சதவீதத்துக்கு ஈடாகக் கிடைத்தது இது.

கே: கஜானா காலியாக இருந்த நாடு அத்தனை ஆயுதத்துக்கு எப்படிப் பணம் புரட்டியது? 'மெஃபோ' என்று ஒரு சொல் அடிபடுகிறது. வணிகவியல் படிப்பவன் என்பதால் படிப்படியாக விளக்கினால் உதவும்.
— கும்பகோணம் மாணவர்

ப: மெஃபோ என்பது காகிதத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு கம்பெனி. முழுப்பெயரின் பொருள் 'உலோகவியல் ஆய்வு நிறுவனம்'. ஆய்வும் இல்லை, உலோகமும் இல்லை. க்ருப், சீமென்ஸ், குட்டஹொஃப்னுங்ஸ்ஹ்யூட்டெ, ரைன்மெட்டல் என்ற நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 10 லட்சம் மார்க் மூலதனம் போட்டன. யோசனை ஷாக்டுடையது. அவர் 1933 மார்ச்சில் மத்திய வங்கித் தலைவராகத் திரும்பி வந்திருந்தார்.

ராணுவத்துக்குப் பீரங்கி செய்து கொடுத்த ஆலை, அரசிடம் பணம் கேட்காது. மெஃபோவின் மேல் ஒரு மாற்றுச்சீட்டு, அதாவது குறித்த தவணையில் பணம் தரச் சொல்லும் சீட்டு, எழுதும். மெஃபோ அதை ஏற்றதாகக் கையெழுத்திடும். ஆலை அந்தச் சீட்டைத் தன் வங்கியில் கழிவு கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளும். வங்கிக்குப் பணம் தேவைப்பட்டால், சீட்டை மத்திய வங்கியிடம் மறுகழிவு செய்யலாம். எப்போது கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வதாக மத்திய வங்கி உறுதி தந்திருந்தது. வட்டி 4 சதவீதம். தவணை பெயருக்குச் சில மாதங்கள்தான். மூன்று மூன்று மாதமாக நீட்டி ஐந்து ஆண்டு வரை இழுக்கலாம். வட்டி கிடைப்பதால் வங்கிகள் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டன, புழக்கத்தில் நோட்டு பெருகவில்லை, விலைவாசி உடனே ஏறவில்லை.

இன்னொரு லாபம், ரகசியம். பட்ஜெட்டில் ஆயுதச் செலவு தெரியாது. மத்திய வங்கியின் அறிக்கையில் இவை சாதாரண வணிகச் சீட்டுகளுடன் கலந்து கிடக்கும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மேல் விதித்த வெர்சாய் ஒப்பந்தம் தடுத்த ஆயுதங்கள் வெளிநாட்டுக் கண்களில் படாமல் பெருகின. 1938 மார்ச் வரை வெளியிட்ட சீட்டுகள் 1,200 கோடி மார்க்.

பிழைத்தது எங்கே? உண்மையான வணிகச் சீட்டின் பின்னால் விற்கப்போகும் சரக்கு இருக்கும். விற்ற காசில் கடன் அடையும். பீரங்கியை யாரும் கடையில் வாங்குவதில்லை. தவணை முடிந்தபோது அடைக்கக் கருவூலத்தில் பணம் இல்லை. 1939 ஜனவரி 7 அன்று ஷாக்டும் மத்திய வங்கி இயக்குநர்களும் இந்தச் செலவு நாணயத்தை அழித்துவிடும் என்று ஹிட்லருக்கு எழுதினார்கள். இரண்டு வாரத்தில் ஷாக்ட் பதவி பறிபோனது. பணவீக்கத்துக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர், கதவை உடைத்துக் கொடுத்த முதல் ஆறு ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கவில்லை. நியூரம்பர்க்கில் விடுதலையும் ஆனார்.

கே: பணம் தவிர, ஆலோசனை சொன்னவர்கள் யார்?
— காரைக்குடி வாசகர்

ப: வில்ஹெல்ம் கெப்ளர் என்ற சிறு ஆலை அதிபர் 1932-இல் ஹிட்லருக்காகக் கூட்டிய பொருளாதார வட்டம் முதலாவது. அது பிறகு, எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தலைவர் ஹிம்லரின் 'நண்பர்கள் வட்டம்' ஆனது. ஷ்ரோடரின் ஸ்டைன் வங்கியில் 'எஸ்' என்ற தனிக்கணக்கு, அதில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் விழும், ஹிம்லர் தன் விருப்பப்படி செலவழிப்பார். எஃகு அதிபர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ளிக் தரப்பின் பங்கு ஆண்டுக்கு ஒரு லட்சம்.

இதைவிட ஆழமாக வேலை செய்தது ரசாயனத் துறை. லோய்னா ஆலையில் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் முறையில் ஐ.ஜி. ஃபார்பன் பெரும் முதலீட்டை முடக்கியிருந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் அது நட்டத்தில் ஓடியது. 1933 டிசம்பர் 14 ஒப்பந்தம் அதைக் காப்பாற்றியது: ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டன் வரை உற்பத்தியை உயர்த்த வேண்டும், அடக்க விலையும் முதலீட்டின் மேல் 5 சதவீதமும் கிடைக்க அரசு உத்தரவாதம், அதற்கு மேல் லாபம் வந்தால் அரசுக்கு. சந்தையில் தோற்கவிருந்த தொழில்நுட்பம், போர் வேண்டும் என்ற அரசின் தேவையால் பிழைத்தது.

1936-இல் கோரிங் நான்காண்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஐ.ஜி. ஃபார்பனின் கார்ல் க்ராவ்ஹ் அதற்குள் போய் அமர்ந்தார். 1938-இல் ரசாயன உற்பத்திக்கான முழு அதிகாரம் அவருக்கு. நிறுவனப் பொறுப்பையும் அவர் விடவில்லை. எந்த ஆலைக்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு ஆள் என்று அரசு சார்பில் ஒதுக்கியவரும், ஒதுக்கீட்டைப் பெற்ற நிறுவனத்தின் ஆளும் ஒருவரே.

கே: ஆஷ்விட்சில் தனியார் ஆலை இருந்தது உண்மையா?
— நாகர்கோவில் வாசகி

ப: உண்மை. செயற்கை ரப்பருக்காக ஐ.ஜி. ஃபார்பன் 1941-இல் அங்கே கட்டத் தொடங்கியது. இடம் பார்த்தவர் இயக்குநர் ஓட்டோ அம்ப்ரோஸ். மூன்று ஆறுகளின் நீர், பக்கத்திலேயே நிலக்கரிச் சுரங்கங்கள், சுண்ணாம்பு, நல்ல ரயில் இணைப்பு, அப்போதைக்குக் குண்டுவீச்சு எட்டாத தூரம். அருகே ஆயிரக்கணக்கான கைதிகளுடன் வதைமுகாம். 1941 ஏப்ரல் 12 அன்று அம்ப்ரோஸ் தன் சக இயக்குநருக்கு எழுதிய கடிதத்தில், எஸ்.எஸ். படையுடன் ஏற்பட்ட புதிய நட்பு மிகுந்த பலன் தருகிறது என்று குறிப்பிட்டார்.

கூலி ஒப்பந்தம் துல்லியமானது. பயிற்சி இல்லாத கைதிக்கு நாளொன்றுக்கு 3 மார்க், தொழில் தெரிந்தவருக்கு 4 மார்க். கைதிக்கு அதில் ஒரு காசு கிடையாது, எல்லாம் எஸ்.எஸ். கணக்கில். ஒரு ஜெர்மன் தொழிலாளியின் வேலையில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று நிறுவனம் எதிர்பார்த்தது. நடந்ததோ வேறு. முதன்மை முகாமிலிருந்து வேலைத்தளம் ஆறேழு கிலோமீட்டர். பசியோடு போக வர நடந்தே பாதி உயிர் போய்விடும். சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்வார்கள், விழுந்தவரை அடிப்பார்கள். வேலை பின்தங்கியது. நிறுவனம் கண்ட தீர்வு உணவைக் கூட்டுவது அல்ல; ஆலையை ஒட்டியே தனக்கென ஒரு முகாம் கட்டியது. 1942 அக்டோபரில் மோனோவிட்ஸ் முகாம் இயங்கத் தொடங்கியது. 1944 கோடையில் அங்கே சுமார் 11,000 பேர். மருத்துவக் கொட்டகையில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் நோயாளிகள் இருக்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. மீறினால், தேற மாட்டார் என்று தோன்றியவர்களை லாரியில் ஏற்றி பிர்கெனாவின் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்புவார்கள். காலியான இடத்துக்குப் புது ஆட்கள் வருவார்கள். மடிந்தவர்கள் பற்றிய குறைந்த மதிப்பீடே பத்தாயிரம்; 25,000-க்கு மேல் சொல்பவர்களும் உண்டு.

அந்த நச்சுவாயுவான ஸைக்லோன் பி-யை விற்ற டெகெஷ் நிறுவனத்தில் ஐ.ஜி. ஃபார்பனின் பங்கு 42.5 சதவீதம். மோனோவிட்ஸ் ஆலை மெத்தனால் தயாரித்தது. எதற்காகக் கட்டினார்களோ அந்த ரப்பர் ஒரு கிலோகூட அங்கிருந்து வரவில்லை.

இந்நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் ஒரு காலத்தில் இருந்தவர் ஆர்தர் ஃபான் வைன்பர்க் என்ற யூத வேதியியலாளர். நிறுவனத்தை உருவாக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர். எண்பது வயது கடந்த நிலையில் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு 1943-இல் இறந்தார்.

கே: எஸ்.எஸ். படையின் கறுப்புச் சீருடையை வடிவமைத்தவர் ஹியூகோ பாஸ் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
— சேலம் வாசகர்

ப: வடிவமைக்கவில்லை, தைத்தார். வடிவமைத்தவர்கள் கார்ல் டீபிச், வால்டர் ஹெக். மெட்ஸிங்கன் ஊரில் தொழில் நொடித்துக் கிடந்த ஹியூகோ பாஸ் 1931-இல் கட்சியில் சேர்ந்து, சீருடை ஆர்டர் பிடித்த பல தையலகக்காரர்களில் ஒருவர். போர்க்காலத்தில் அவர் ஆலையில் 140 கட்டாயத் தொழிலாளர்களும் 40 பிரெஞ்சுப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். வாட்ஸ்அப் செய்தி தவறு என்பதால் இந்த 180 பேரும் இல்லாமல் போய்விட மாட்டார்கள்.

கே: மறுத்திருந்தால் சுட்டிருப்பார்களே? பாவம், வேறு வழியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.
— தஞ்சாவூர் வாசகர்

ப: மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். விமானத் தயாரிப்பாளர் ஹியூகோ யுங்கர்ஸ் 1933-இல் காப்புரிமைகளையும் கம்பெனியையும் ஒப்படைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார், 1935-இல் தன் 76-வது பிறந்தநாளில் இறந்தார். ஆகவே மிரட்டல் இருந்தது உண்மை. 1937-இல் சால்ஸ்கிட்டர் பகுதியின் மட்டமான இரும்புத் தாதுவை உருக்க அரசே ஓர் ஆலை தொடங்கியபோது, நட்டம்தான் வரும் என்று ரூர் அதிபர்கள் எதிர்க்க முனைந்தார்கள். கோரிங் நாசவேலை என்று மிரட்டினார். க்ருப் முதலிலேயே கழன்றுகொண்டார். மற்றவர்களும் அடங்கினார்கள். அதற்காக அவர்களில் யாருக்கும் உயிர் போகவில்லை.

தீஸன் 1939-இல் போரை எதிர்த்து நாட்டைவிட்டு ஓடினார். சொத்து பறிமுதலானது, பிரான்சில் பிடிபட்டு முகாம்களில் அடைபட்டார், உயிர் தப்பினார். ராபர்ட் பாஷ் யூதர்களுக்கு ரகசியமாக உதவினார், எதிர்ப்பாளர் கோர்டலருக்குச் சம்பளம் கொடுத்தார். அவருடைய ஆலைகளிலும் கட்டாய உழைப்பு இருந்தது. ஆக்கிரமித்த போலந்தின் எண்ணெய் வயல் நிர்வாகியாக இருந்த பெர்ட்ஹோல்ட் பைட்ஸ், இவர்கள் இல்லாவிட்டால் உற்பத்தி நிற்கும் என்று சொல்லி மரண ரயிலிலிருந்து நூற்றுக்கணக்கான யூதர்களை இறக்கிக் கூட்டிவந்தார். முப்பது வயதுகூட ஆகாத ஊழியர் அவர். அவருக்கு இருந்த வழி, ஒரு சாம்ராஜ்யத்தின் அதிபர்களுக்கு இல்லை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நீதிமன்றமும் இதையேதான் அளந்தது. ஃப்ளிக் வழக்கில், அரசு திணித்த கட்டாயத் தொழிலாளர்களை ஏற்றதற்கு 'வேறு வழியில்லை' என்ற வாதம் பெரும்பாலும் செல்லுபடியானது. ரயில் வேகன் உற்பத்தியைக் கூட்ட ஃப்ளிக்கும் அவர் துணைவர் வைஸும் தாமே முன்வந்து ரஷ்யப் போர்க்கைதிகளைக் கேட்டு வாங்கிய இடத்தில் அது செல்லவில்லை.

கே: தண்டனை எவ்வளவு கிடைத்தது?
— மயிலாடுதுறை வாசகி

ப: ஃப்ளிக்கிற்கு 1947 டிசம்பரில் 7 ஆண்டு, எஸ்.எஸ். படைக்குப் பணம் கொடுத்ததும் குற்றங்களில் ஒன்று. ஐ.ஜி. ஃபார்பன் வழக்கில் 23 பேர் விசாரிக்கப்பட்டு 13 பேருக்கு ஒன்றரை முதல் 8 ஆண்டு வரை. அதிகபட்சம் அம்ப்ரோஸுக்கும் மோனோவிட்ஸ் ஆலையை நடத்திய டூர்ஃபெல்டுக்கும். குஸ்தாவ் க்ருப் நினைவிழந்த நோயாளி என்பதால் விசாரணையே நடக்கவில்லை. மகன் ஆல்ஃப்ரீட் க்ருப்புக்கு 1948 ஜூலை 31 அன்று 12 ஆண்டும் சொத்துப் பறிமுதலும்.

1951 தொடங்கிச் சில வாரங்களில் ஏறக்குறைய எல்லாரும் வெளியே. பனிப்போரில் மேற்கு ஜெர்மனியின் ஆலைகள் வேண்டியிருந்தன. அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய் ஆல்ஃப்ரீட் க்ருப்பை விடுவித்துச் சொத்தையும் திருப்பித் தந்தார். ஆஷ்விட்ஸ் தொடர்பாகவும் குற்றவாளியாகி 7 ஆண்டு பெற்ற ஃப்ரிட்ஸ் டெர் மேர் 1956-இல் பேயர் நிறுவன மேற்பார்வைக் குழுத் தலைவரானார். ஃப்ளிக் மேற்கு ஜெர்மனியின் முதன்மைப் பணக்காரர்களில் ஒருவராகி 1972-இல் இறந்தார்.

கே: நம் ரூர்கேலா உருக்காலையைக் கட்டிய க்ருப், அதே க்ருப் தானா?
— நெய்வேலி வாசகர்

ப: அதே நிறுவனம்தான், அதே ஆல்ஃப்ரீட்தான். 1953-இல் நேச நாடுகளுடன் செய்த ஒப்பந்தப்படி அவர் தன் நிலக்கரி, எஃகுச் சொத்துகளை விற்றுவிட வேண்டும். ஆலை கட்டித் தரும் தொழிலுக்குத் தடை இல்லை. அதனால் வளரும் நாடுகளில் ஆர்டர் தேடினார்கள். அதே ஆண்டு க்ருப்பும் டெமாக்கும் சேர்ந்து இந்திய அரசுடன் ரூர்கேலாவுக்கான உடன்பாடு செய்தன. முதல் ஊது உலை 1959-இல் இயங்கியது. 1933 வங்கிக் கணக்கில் 50,000 மார்க் போட்ட டெமாக்கும் இதுவே. க்ருப்பின் அன்றாட நிர்வாகத்தை 1953 இறுதியில் ஏற்றவர், முன்பு சொன்ன பெர்ட்ஹோல்ட் பைட்ஸ். விற்பனை உறுதிமொழி முழுமையாக நிறைவேறவே இல்லை.

கே: உழைத்தவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா?
— புதுச்சேரி வாசகி

ப: 1944 ஆகஸ்டில் ஜெர்மனியில் வேலை வாங்கப்பட்ட அயல்நாட்டவர், போர்க்கைதிகள் சேர்ந்து சுமார் 76 லட்சம் பேர். மோனோவிட்ஸிலிருந்து உயிர் பிழைத்த நோர்பர்ட் வோல்ஹைம் 1951-இல் ஐ.ஜி. ஃபார்பன் மேல் தனியாளாக வழக்குப் போட்டார். 1953-இல் ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம் அவருக்கு 10,000 ஜெர்மன் மார்க் தரச் சொன்னது. மற்றவர்களும் வருவார்கள் என்ற அச்சத்தில், கலைப்பில் இருந்த அந்நிறுவனம் 1957-இல் 3 கோடி மார்க்குக்குச் சமரசம் செய்துகொண்டது. க்ருப் 1959-இல், யூத முகாம் கைதிகளுக்கு மட்டும், ஒரு கோடி வரை. ஃப்ளிக் சாகும்வரை ஒரு காசும் தரவில்லை. அவருடைய குழுமத்தை டாய்ச்ச வங்கி வாங்கியபின், 1986-இல்தான் அதிலிருந்த ஒரு நிறுவனம் 50 லட்சம் மார்க் கொடுத்தது.

பெரிய ஏற்பாடு வந்தது 2000-இல். அமெரிக்க நீதிமன்றங்களில் கூட்டு வழக்குகள் குவிந்ததும், அரசும் தொழில்துறையும் பாதிக்குப் பாதி போட்டு 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை அமைத்தன. பதிலுக்கு வழக்குகளைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. முகாம் கைதிகளுக்கு ஆளுக்கு அதிகபட்சம் 15,000 மார்க். நாடு கடத்தி வரப்பட்டு ஆலைகளில் உழைத்த மற்றவர்களுக்குச் சுமார் 5,000 வரை. 2007-இல் பணி முடிந்தபோது 16.6 லட்சம் பேருக்கு 437 கோடி யூரோ போய்ச் சேர்ந்திருந்தது. 1999 பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன்பே இறந்துபோனவர்களின் வாரிசுகளுக்கு உரிமை இல்லை. போர் முடிந்து அப்போதே ஐம்பத்து மூன்று ஆண்டு கடந்திருந்தது.